சந்திரமதியின் தீவு

சிங்கப்பூர் தேக்காவில் தோசைக் கடை வைத்திருந்த சந்திரமதிக்கு மனிதர்கள் அலுத்துப் போயிருந்தார்கள். காலையிலிருந்து கல்லுக்கு முன்னால் வரிசை. சட்னி கேட்பவர்கள், சில்லறை கேட்பவர்கள், சும்மா பேச நிற்பவர்கள். கடையைச் சாத்திவிட்டுக் கணவன் அழகப்பனோடு மார்சிலிங் போகும் ரயிலில் ஏறியதும், கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு அவரைக் கேட்பாள்.

"தீவுக்கு வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"மணல் சுடுது. செருப்ப மாட்டிக்குங்க."

எந்தத் தீவு என்று அவளுக்கே தெரியாது. தெற்கே, கப்பல்கள் போகாத கடலில் எங்கோ. தென்னை, கீற்றுக் குடிசை, மதியம் ஒரு மழை. அங்கே அடுப்பு கிடையாது.

"பக்கத்துல ஒரு வீடாச்சும் இருக்கட்டுமே," என்பார் அழகப்பன்.

"ஒரு மனுஷ முகம் இருக்கக்கூடாது லா. உங்க முகம் மட்டும், போனாப் போகட்டும்னு விடுறேன்."

திருமணமான நாளிலிருந்து இதுதான் அவர்களுடைய ஒரே சண்டை.

வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போனவளுக்குக் கணையத்தில் புற்று என்றார்கள். முற்றிவிட்டது, வலி தெரியாமல் வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, அழகப்பன் கடைச் சாவியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு மதியம், படுக்கையிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, தீவுக்குப் போவோமா?"

"வந்துட்டேன்."

"ஒரு நாலு வீடு இருக்கட்டுங்க. நம்ம பக்கத்து வீட்டு ரஷீதாவையும் வரச் சொல்லலாம்."

"யாருமே வேணாம்னு நீதான சொன்ன?"

"இப்ப வேணும். பேச்சுத் துணைக்கு யாராச்சும் வேணாமா உங்களுக்கு? உங்களுக்கு ஒரு காப்பிகூடப் போடத் தெரியாது."

அவர் எழுந்து வெளியே போனார். படிக்கட்டில் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். முகம் கழுவித் திரும்பி வந்து, "சரி, நாலு வீடு," என்றார். அவள் தூங்கிப் போயிருந்தாள். அந்த வாரமே போய்விட்டாள்.

மகள் இனியாவுக்கு அப்பா வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்தோனேசியப் பக்கம் ஒரு சின்னத் தீவுக்குப் படகு டிக்கெட் எடுத்தாள்.

"அம்மா ஆசைப்பட்ட மாதிரி இடம்ப்பா. ஒரு வாரம் இருந்துட்டு வாங்க."

அழகப்பன் போனார். மறுநாளே திரும்பி வந்துவிட்டார். பையைக்கூட இறக்கி வைக்காமல் சோபாவில் உட்கார்ந்தார்.

"ஏன்ப்பா, நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லாருந்துச்சும்மா. அவ சொன்ன மாதிரியே மணலு, தென்னை. மீன்காரர் வீட்ல கூப்பிட்டுச் சோறு போட்டாங்க." தோளில் கிடந்த பை வாரைப் பிடித்துக்கொண்டார். "நான் போயிருக்கக் கூடாது. முன்னெல்லாம் தீவுன்னு நெனச்சா அங்க அவ இருப்பா. இப்ப நெனச்சா அந்தப் படகுத்துறைதான் வருது, அந்த மீன்காரர் வர்றாரு. அவளக் காணோம்மா. எவ்வளவு தேடியும் காணோம்."

இனியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் தோளிலிருந்து பையை மெதுவாகக் கழற்றினாள்.