பாதிக் கொழுக்கட்டையும் பன்னிரண்டு அம்பும்

ஹா பள்ளத்தாக்கில் பெஞ்சோரைப் போல அம்பு விடுகிறவர் வேறு யாரும் கிடையாது. பாராட்டாகச் சொல்லவில்லை. எட்டு வருடமாக லோம்பா என்கிற எங்கள் புத்தாண்டுப் பண்டிகைப் பந்தயத்தில் எங்கள் ஊர் அணியில் நிற்கிறார். எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் குறிப்பலகையைத் தொட்டதில்லை. மற்றவர்கள் தவறினால் இடம் வலம் என்று தவறுவார்கள். இவர் அம்பு நூல் பிடித்த மாதிரி நேராகப் போய், பலகைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் பறந்து, பின்னால் இருக்கும் ஔம் பெம் அம்மாளின் வயலில் இறங்கும். அந்த அம்மாள் அதையெல்லாம் பொறுக்கி வைத்து, வசந்தத்தில் பட்டாணிக் கொடிக்கு ஊன்றுவார். ஊரிலேயே நல்ல பட்டாணி அவருடையதுதான்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. பெஞ்சோருக்கு வில்லை இழுக்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டும். நாணை மற்றவர்கள் காதுவரை இழுத்தால் இவர் வில்லை ஒரு சாண் தூக்கிப் பிடித்துப் பிடரிவரை இழுப்பார். அப்புறம் அம்பு பலகையில் நில் என்றால் நிற்குமா?

இந்த வருடம் அணித்தலைவன் சாடோர் முடிவாகச் சொல்லிவிட்டான். சாடோர் வேறு யாருமில்லை, பெஞ்சோரின் மனைவி லாதெனுடைய அண்ணன்.

"மாப்ளே, இந்தத் தடவை ஒண்ணாவது பலகையில படணும். இல்லைன்னா அடுத்த வருஷம் நீ வில்லைத் தொட வேணாம். அடுப்புகிட்ட உட்கார்ந்து எங்களுக்கு சாராயம் சூடு பண்ணு."

"என்ன மச்சான், விளையாடறியா?"

"நான் விளையாடறேன். நீதான் விளையாட மாட்டேங்கிற."

சாராயச் சட்டிக்கு முன்னால் உட்காருவது கிழடுகளின் வேலை. பெஞ்சோருக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது. பந்தயத்தில் எதிரணிக்காக ஆடிப்பாடிக் கேலி செய்யும் அக்கரை ஊர்ப் பெண்கள் பார்த்தால் அதற்கென்றே ஒரு பாட்டுக் கட்டிவிடுவார்கள்.

சரி, புது அம்பு செய்வோம் என்று உட்கார்ந்தார். மற்றவர்கள் நாலு அம்போடு வருவார்கள். இவருக்குப் பன்னிரண்டு வேண்டும், போனது திரும்பாதே. போன வருடம் வெட்டி நிழலில் காய வைத்த மூங்கில் குச்சிகளைப் பரணிலிருந்து இறக்கினார். அளவெடுப்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே முறைதான்: அங்கியின் மேல்பாதியைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, வெறும் நெஞ்சுக்குழியில் குச்சியின் ஒரு முனையை வைத்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்நுனி எட்டுகிற இடத்தில் கோடு போட வேண்டும். அங்கே வெட்டு.

அன்றைக்குப் பார்த்து நல்ல குளிர். லாதென் பண்டிகைக் கொழுக்கட்டை பிடிக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. வெறும் மார்போடு நிற்க இந்த மனிதருக்கு என்ன பைத்தியமா? அங்கியை இறக்காமலே, குச்சியை நெஞ்சில் முட்டுக்கொடுத்துக் கையை நீட்டினார். கோடு போட்டார். வெட்டினார். அதையே அளவாக வைத்து மீதிப் பதினொன்றையும் மளமளவென்று நறுக்கித் தள்ளினார். இறகு ஒட்டி, இரும்பு முனை மாட்டி, நூல் சுற்றி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. பண்டிகைக்கு இன்னும் இரண்டே நாள்.

முற்றத்தில் நின்று ஒன்றை வில்லில் பூட்டி, வழக்கம்போல ஜம்பமாக இழுத்தார். பாதியிலேயே இரும்பு முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து கட்டைவிரலில் குத்தியது.

"ஐயோ, செத்தேன்!"

கொழுக்கட்டைக் கூடையோடு லாதென் அப்போதுதான் படியேறி வந்தாள். ஓர் அம்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னய்யா இது? அம்பா, மோர் கலக்குற குச்சியா?"

"மூங்கில் சுருங்கிடுச்சு."

"பன்னிரண்டும் பேசி வெச்சுகிட்டு நாலு விரல் சுருங்கிச்சாக்கும்! எப்படி அளந்தே? காட்டு."

காட்டினார். லாதென் ஒரு விரலை நீட்டி அவர் மார்பில் குத்தினாள். டொக் என்று சத்தம் கேட்டது.

இடுப்புக் கச்சையை இறுக்கிக் கட்டினால் அங்கியின் முன்பக்கம் தானாக ஒரு பை விழும், அதில் எல்லாரும் எதையாவது போட்டு வைப்பதுதான். ஆனால் பெஞ்சோரின் பை ஒரு குடும்பம் வீடு மாறுகிற மாதிரி நெஞ்சுவரை புடைத்திருக்கும். லாதென் உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாக வெளியே போட்டாள்: மரக்கோப்பை, வெற்றிலைப் பெட்டி, கல் மாதிரி காய்ந்த பாலாடைக்கட்டி ஒரு சரம், கைபேசி, கடைசியாக இலையில் சுற்றிய பாதிக் கொழுக்கட்டை. இத்தனையும் சேர்ந்துதான் குச்சியை நெஞ்சிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்தியிருந்தது.

"இது எதுக்கு?"

"அவசரத்துக்கு."

லாதென் அப்படியே படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பெஞ்சோருக்கு அழுகைதான் வந்தது. புது மூங்கில் வெட்டிக் காய வைக்க நேரமில்லை. பந்தயத்துக்கு முன்னால் அம்பை இரவல் கொடுத்தால் கூடவே அதிர்ஷ்டமும் போய்விடும் என்று பயந்து ஒரு பயலும் தரமாட்டான்.

"சிரிக்காதேடி. உன் அண்ணன் என்னைச் சட்டிகிட்ட உட்கார வெச்சிடுவான்."

"உட்காரேன். சூடாவது ஒழுங்காப் பண்ணுவியா பார்ப்போம்" என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பாதிக் கொழுக்கட்டையை அவர் வாயில் திணித்தாள்.

பந்தயத்தன்று அவர் முறை வந்தது. பலகைக்குப் பக்கத்தில் அக்கரைப் பெண்கள் வரிசையாக நின்று ஆடினார்கள்.

"பெஞ்சோர் அண்ணே! இந்த வருஷம் எத்தனை மூட்டை பட்டாணி?"

"பலகை இங்கே இருக்குண்ணே, வானத்துல இல்லை!"

பெஞ்சோர் இழுத்தார். முனை கட்டைவிரலைத் தொட்டதும் நிறுத்தினார். நாண் தாடையைக்கூடத் தாண்டவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி அற்பமாக வில்லை இழுத்ததே இல்லை. மானம் கப்பலேறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயே, இழுக்கக்கூடத் தெம்பில்லை! லாதென் அக்கா சோறு போடலையா?"

விட்டார். எப்போதும் பலகைக்கு ஓர் ஆள் உயரம் மேலே போகிற அம்பு, ஓர் ஆள் உயரம் இறங்கிப் போயிற்று. டக்!

எங்கள் ஊர்க்காரர்கள் கத்திய கத்தலில் மேய்ந்துகொண்டிருந்த யாக் எருமைகள் ஓடிப்போயின. அன்றைக்குப் பெஞ்சோருடையது மட்டும் மூன்று அம்பு பலகையில் ஏறியது. கடைசி அம்பில்தான் பந்தயமே எங்கள் பக்கம் வந்தது. சாடோர் ஓடிவந்து அவரைத் தூக்கிச் சுற்றினான்.

"மாப்ளே, சொல்லு! அம்பை எப்படி அளந்தே? அங்கியோடவா, அங்கி இல்லாமலா?"

பெஞ்சோருக்கு உண்மையைச் சொல்ல வெட்கம். ஜெயித்தவன் போய் நான் தப்பாக வெட்டினேன் என்பானா?

"அங்கியோடதான். பை நிறைய சாமானோட."

"என்னென்ன சாமான்?"

பெஞ்சோர் பட்டியலைச் சொன்னார். சாடோர் விரல்விட்டு எண்ணி மனப்பாடம் பண்ணிக்கொண்டான்.

அடுத்த வருடம் அணியில் மீதிப் பன்னிரண்டு பேரும் நெஞ்சில் கோப்பையும் பெட்டியும் பாலாடைக்கட்டியுமாக நின்று அம்பு வெட்டினார்கள். கொழுக்கட்டை பாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று சாடோர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சோதித்தான். முழுதாக வைத்திருந்த ஒருவனைப் பக்கத்தில் நின்று பாதியைத் தின்ன வைத்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

அவர்கள் யாரும் பெஞ்சோரைப் போல வில்லைத் தூக்கிப் பிடித்துப் பிடரிவரை இழுக்கிறவர்கள் இல்லையே, காதளவு இழுப்புக்குப் பழகின கைக்கு நாலு விரல் குறைந்தால் அம்பு எட்டுமா? அம்பெல்லாம் பலகைக்கு முப்பது அடி முன்னாலேயே சேற்றில் குத்தி நின்றது. பன்னிரண்டு பேரின் அம்பும் அப்படித்தான். பலகையில் பட்டது பெஞ்சோருடையது ஒன்றே ஒன்றுதான். அக்கரைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் ஆட்டத்தையே மறந்துபோனார்கள்.

சாடோர் நேராகப் போய்ச் சாராயச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். முதல் கோப்பையை ஊற்றிப் பெஞ்சோரிடம் நீட்டினான்.

"அடுத்த வருஷம் முதல் அம்பு உன்னது, மாப்ளே. வேற எதுவும் கேட்காதே."

பெஞ்சோர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அப்போது ஔம் பெம் அம்மாள் வந்து நின்றார்.

"ஏன்டா பெஞ்சோர், ரெண்டு வருஷமா உன் அம்பு ஒண்ணுகூட என் வயலுக்கு வரலை. கொடிக்கு நான் என்ன பண்றது?"

பெஞ்சோர் சேற்றிலிருந்து பிடுங்கிய மற்றவர்களின் அம்புக்கட்டை முழுசாக அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மாள் ஒன்றை உருவித் தன் இடுப்போடு வைத்து அளந்தார்.

"பட்டாணிக்கு எட்டாது. முள்ளங்கிக்குத்தான் ஆகும்."

"முள்ளங்கிக்கு எதுக்கும்மா குச்சி?"

"அதைத்தான் சொல்றேன்" என்றார் ஔம் பெம்.

சாடோர் தலையைத் தூக்காமல் சட்டியைக் கிளறினான்.