ஆணி அடித்த கட்டை

என் பத்தாவது வயதில், விற்கக் கூடாத ஒரு கட்டையை விற்றேன். அதனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெட்டது. அப்பாவைக் குறை சொல்ல முடியாது. அன்று அவர் கடையில் இல்லை.

இரத்தோட்டைக்குப் போகும் பாதையில் எங்கள் விறகுக் கடை இருந்தது. மரத்தை ஈரமாக வாங்குவோம். காயக் காய எடை குறையும். காயாமல் விற்றால் வாடிக்கை குறையும். இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் சோறு. அதனால் மற்றவர்கள் தொட அஞ்சும் மரம் மலிவாகக் கிடைத்தால் அப்பா விடமாட்டார்.

அப்படி வந்ததுதான் அந்தப் புளியமரம். பக்கத்துத் தெருவில் இடியப்பம் விற்ற அம்மாளின் மகளைப் பிடித்திருந்த பேயை, பேயோட்டும் கட்டாடி ஒருவன் மந்திரம் சொல்லி அதில் ஆணியால் அறைந்திருந்தான். ஆணி உள்ள துண்டைப் பிளக்கவோ எரிக்கவோ மாட்டோம் என்று அப்பா அந்தத் தாய்க்கு வாக்குக் கொடுத்து மரத்தை வெட்டினார். துண்டு கொட்டகைக்குள் இரண்டு வருடம் கிடந்தது. வெள்ளிக்கிழமைகளில் தாயும் மகளும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஒரு அடைமழைக் காலம். அப்பா மரம் பார்க்க நாவுல ஊர்ப் பக்கம் போயிருந்தார். எதிர்ப்புறத்துப் பேக்கரி முதலாளி வந்தார்.

“என்னடா, ஒங்கப்பன் விறகு விக்கிறாரா, தண்ணி விக்கிறாரா? அந்தா ஒண்ணு காஞ்சு கெடக்குதே?”

“அது விக்கிறதுக்கு இல்லீங்க. ஆணி அடிச்சது.”

“புடுங்கிட்டுக் குடு. பேய் வந்தா அதையும் சேத்துப் போறணையில போட்டுப் பாண் சுடுறேன். இல்லேன்னா நாளையிலேருந்து வேற கடைதான்.”

கடப்பாரை போன்ற அலவாங்கால் ஆணியை நெம்பினேன். வெளியே வந்த ஆணி சூடாக இருந்தது. உராய்ந்தால் இரும்பு சுடும் என்று பிற்பாடு படித்தேன்; அன்று அது தெரியாமல் ஆணியைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

மாலையில் அப்பா வெற்றிடத்தைப் பார்த்தார். “வாடிக்கை போனா போகட்டும்னு விட்டிருக்கலாமேடா” என்றார். அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த மகள் வெற்றிடத்தைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பி, பேக்கரிப் புகைபோக்கியைப் பார்த்தாள். “எம் பேரச் சொல்லிக் கூப்புடுதும்மா” என்றாள், சிரித்தபடி.

அதன்பிறகு தினமும் பேக்கரிக்குப் போய், பாண் சுடும் போறணை அடுப்பின் சுவரில் காதை ஒட்டி நின்றாள். சுவரின் சூட்டில் கன்னம் கொப்புளித்தது. அவர்களிடம் இடியப்பம் வாங்க எவரும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் ஆணியைத் தாயிடம் கொண்டுபோய் உண்மையைச் சொன்னேன். அவள் திட்டவில்லை.

“இத இனி எங்கடா அடிக்கிறது? மரம் எங்க?”

வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அம்மிக் குழவியை எடுத்து, தன் வீட்டு வாசல் நிலையிலேயே ஆணியை அறைந்தாள்.

மகள் அன்றோடு பேக்கரிக்குப் போவதை நிறுத்தினாள். நன்றாகப் பேசினாள், என் பரீட்சை பற்றிக் கேட்டாள். ஆனால் அந்த நிலையைத் தாண்டி அவள் கால் வைக்கவேயில்லை. வெளியே கொடியில் உலர்ந்த சேலையைக்கூட என்னை எடுத்துத் தரச் சொல்வாள்.

“நீ கொண்டாந்து குடுத்ததாலதான்யா எம்புள்ள வீட்டோட இருக்கா” என்று தாய் எனக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்தாள். செய்த தப்பைச் சரிக்கட்டிவிட்டேன் என்று நம்பி, வழியெல்லாம் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனேன்.