ஜன்னலைத் திறந்த சண்டை

ராசாத்தாள் சித்தியிடம் திட்டு வாங்காதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. பால்காரர், பஸ் கண்டக்டர், கோயில் பூசாரி எல்லோரும் வாங்கியவர்கள்தான். ஆனால் நிரந்தர எதிரி ஒருவர் மட்டுமே. பக்கத்து வீட்டிலிருந்த ஓரகத்தி குழந்தையம்மாள். தோட்டத்தைப் பிரித்தபோது கிணற்றடி நிலம் அவருக்குப் போனதைச் சித்தி மறக்கவே இல்லை.

உடுமலைப் பக்கம் தொண்ணூறுகளில் பலரும் மல்பெரி நட்டுப் பட்டுப்புழு வளர்த்தார்கள். சித்தப்பா இறந்த பிறகு புழுக்கள் கட்டும் கூடுதான் சித்திக்குச் சோறு போட்டது. புழுவை அயலார் பார்த்தால் கண்பட்டுவிடும் என்பார்கள். சித்திக்கு அயலார் என்றால் குழந்தையம்மாள்.

ஒரு மார்கழியில் புழுக்கள் கடைசித் தோலை உரித்துவிட்டு, ஓயாமல் தின்னும் பருவத்தில் இருந்தன. புழு வளர்த்த அறையின் ஜன்னல்கள் குழந்தையம்மாளின் வாசலைப் பார்த்தபடி இருந்தன. சித்தி அவற்றைச் சாத்தி, இடுக்கெல்லாம் கோணிச்சாக்கைத் திணித்தார். குளிருக்கு உள்ளே கரி அடுப்பை வைத்தார். நான் பறித்துக் கொடுத்த மல்பெரித் தழையையும் அங்கேயே குவித்தார்.

மறுநாள் புழுக்கள் தழையைத் தொடவில்லை. தலை தொங்கிக் கிடந்தன.

"கண்ணு வெச்சுப்போட்டா பாரு!" என்று சித்தி இன்னொரு சாக்கைத் திணித்தார்.

"காத்து இல்லீங்க சித்தி. ஜன்னலைத் தொறங்க" என்றேன்.

"செடி நல்ல காத்துக் குடுக்குதுன்னு ரேடியோவுலயே சொல்றாங்க. உள்ள ஒரு வண்டித் தழை கெடக்குது. காத்துக்கு என்ன பஞ்சம்?"

"வெளிச்சம் பட்டாத்தானுங்க குடுக்கும். இருட்டுல தழையும் நம்மளாட்டவே நல்ல காத்தை எடுத்துக்கிட்டு கெட்ட காத்தை உடும். புழுவும் அதையேதான் செய்யுது. அடுப்பும் அந்த நல்ல காத்துலதான் எரியுது."

"பன்னெண்டாவது முடிச்சுப்போட்டு எனக்குப் புழு வளக்கச் சொல்லித்தாரயா? போடா!"

அடுத்த நாள் காலை குழந்தையம்மாள் வாசலில் நின்று, ஊருக்கே கேட்கும்படி பால்காரரிடம் சொன்னார்: "என்ற கண்ணு கொள்ளிக்கண்ணாமா! அதுக்குத்தான் கோணி கட்டியிருக்கறா. புழுவை வளக்கறாளா, பொதைக்கறாளான்னு தெரியலீங்க."

சித்தி சாக்கைப் பிய்த்தெறிந்தார். இரண்டு ஜன்னல்களையும் படாரென்று திறந்தார்.

"ஏனுங்க மகராசி! பாருங்க! வயிறு எரியற மட்டும் பாருங்க!"

கிணற்றடி நிலத்தில் தொடங்கிய சண்டை, கல்யாணச் சீர்வரிசை வரைக்கும் போனது. வாடைக்காற்று ஜன்னல் வழியே சித்தியைத் தாண்டி அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கரி போட ஆளில்லாமல் அடுப்பு அணைந்தது. வெயில் தழைமேல் விழுந்தது.

தொண்டை கட்டிப்போய்த் தண்ணீர் குடிக்கத் திரும்பிய சித்தி அப்படியே நின்றார். புழுத் தட்டுகளிலிருந்து சரசரவென்று சத்தம். காய்ந்த சருகில் யாரோ நடப்பது போல. புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.

நான் சிரித்துவிட்டேன்.

"வாயைத் தொறந்த, கொன்னுபோடுவேன்" என்றார் சித்தி.

அந்த முறை கூடுகள் சற்றுச் சிறுத்தாலும், சந்தைக்குப் போயின. அதன்பிறகு ஒரு நாளும் அந்த ஜன்னல்கள் மூடிக் கிடக்கவில்லை. காரணம் காற்று என்று மட்டும் சித்தி ஒப்புக்கொண்டதே இல்லை.

"அவ கண்ணுக்கு நான் பயப்படலைன்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?" என்பார்.