கராம்பு மணக்காத மூன்று வாரம்

என் நோட்டுக் கொப்பியைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவளுக்குத் தும்மல் வரும்.

"கராம்புக்காரி வந்துட்டாடி" என்றுதான் கெம்பஸில் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு அந்த வாசனை துளியும் தெரியாது. சும்மா சொல்கிறார்கள் என்று நினைத்துக் கோபப்படுவேன்...

மாத்தளை டவுனில் எங்களுக்குச் சரக்குக் கடை. கராம்பு, ஏலம், சாதிக்காய், மிளகு எல்லாம் தோட்டங்களிலிருந்து வாங்கி மூட்டை கட்டி அனுப்புவோம். கடைக்குப் பின்னாலேயே வீடு. தோட்டத்தில் வைத்து அப்பா ஒரு பிடி கராம்பை மூக்கருகில் கொண்டுபோனால் போதும், சரியாகக் காய்ந்ததா, ஈரமா என்று சொல்லிவிடுவார். எங்கள் சோறு அந்த மூக்கில்தான் இருந்தது.

நான் அப்போது தினமும் பஸ்ஸில் போய்வந்து கண்டியில் சைக்காலஜி டிகிரி, இரண்டாம் வருடம். மனசைப் பற்றிப் படிக்கலாம் என்று போனவளுக்கு நியூரோசயன்ஸ் என்று ஒரு பாடத்தைக் கொடுத்து, மூளையை வெட்டி வெட்டிப் படம் காட்டினார்கள். வாரம் ஒரு வியாதி. படித்த அன்றே அது எனக்கு இருக்கும்! தலைவலி வந்தால் கட்டி, பேனா கீழே விழுந்தால் நரம்புத் தளர்ச்சி. அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி நான்.

ஒரு நாள் பார்க்கின்சன் பற்றிய லெக்சர். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே சிலருக்கு மோப்பம் போய்விடும், எழுத்து சிறுத்துவிடும், நடக்கும்போது ஒரு கை வீசாது என்று மிஸ் போகிற போக்கில் சொன்னார்.

அப்பாவின் இடது கை வீசுவதே இல்லையே...

மறுநாள் பின்நேரம். கடையில் கராம்பு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை ஸ்டூலில் உட்கார வைத்து, "அசைன்மென்ட்ப்பா, கண்ண மூடுங்க" என்றேன். ஒரு பக்க மூக்கை அடைக்கச் சொல்லி, ஏலக்காயை நசுக்கி நீட்டினேன்.

"கராம்பு... இல்ல, சாதிக்காயா?"

கராம்பை நீட்டினேன்.

"தெரியல புள்ள. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "வயசாகுதுல்ல."

ஐயோ, அந்தச் சிரிப்பு!

அம்மாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் களவாக எழுத ஆரம்பித்தேன். மூட்டையில் எழுதும் எழுத்து சிறிதாகிவிட்டது போல இருக்கிறது. இடது கை எப்போதும் பொக்கெட்டுக்குள். காலையில் கடையைத் திறக்காமல் ரோட்டோரம் போய், கையை முகத்தில் வைத்தபடி காரணமில்லாமல் நிற்கிறார்... அதையும் எழுதிக் கீழே கோடு போட்டேன். சாப்பிடும்போது அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் நிமிர்ந்தால் தண்ணீர் குடிப்பேன். மூன்று வாரம் ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் கண்டி பஸ்ஸில் வைத்து ரோசியிடம் உடைந்துவிட்டேன். ரோசி வஹகோட்டைக்காரி, என்னோடு படித்தவள். அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்தாள். கடைக்குள் கால் வைத்ததும் ஏழெட்டுத் தும்மல். கண்ணில் தண்ணீர்.

"அடியே, இங்க வச்சா டெஸ்ட் பண்ணின?"

"ஏன்?"

"லூசு! இங்க பத்து நிமிஷம் நின்னா என் மூக்கே செத்துப்போகும். அவரு நாள் பூரா இங்கதானே இருக்காரு?"

ஒரே வாசனையில் கிடந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காது. இரண்டாம் வாரமே படித்த பாடம். என் கையாலேயே எழுதி, சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒரு வாசனை இருக்கிறது என்பதே தெரியாதவளுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கும்?

ஆனாலும் பயம் போகவில்லை. மறுநாள் ஞாயிறு, கடை பூட்டு. ரோசி வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று சொல்லி, அப்பாவைக் காலையிலேயே வஹகோட்டைக்கு பஸ் ஏற்றினேன். அவர்கள் வீட்டு முற்றத்தில் நல்ல காற்று. கண்ணை மூடச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

கோப்பித்தூளை நீட்டினேன். அப்பா இழுத்து மோந்தார். மறுபடியும் மோந்தார்.

"கோப்பி," என்றார். "வறுக்கும்போது கொஞ்சம் கருகிருச்சு போல."

ரோசியின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் முற்றத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

இப்போது கொழும்பில் கவுன்சிலராக இருக்கிறேன். பயப்படுகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதுதான் வேலை, சிரிக்காதீர்கள். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கைக்கு ஒன்றும் இல்லை, கடைச் சாவிக்கொத்து கிலுங்கக் கூடாதென்று பொக்கெட்டுக்குள் பிடித்தே பழகிய கை அது. அப்படியும் தினமும் போனில் கேட்பேன், "அப்பா, அடுப்புல என்ன?"

போன வாரம் கேட்டபோது சிரித்தார். "பலாக்கொட்டை. மூக்கு வேலை செய்யுது புள்ள, பயப்படாத."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"கராம்பு தெரியலன்னதும் உன் மூஞ்சி வெளுத்துச்சே. அது பாடம் இல்லன்னு அன்னைக்கே தெரியும். அந்த மூணு வாரமும் காலையில ரோட்டுக்குப் போய்க் கராம்ப மோந்து மோந்து பார்த்தேன்."

"மணந்துச்சா?"

"மணந்துச்சு. ஆனா கையில இருக்கது கராம்புன்னு தெரியுமே, எப்படி நம்புறது? வஹகோட்டையில கண்ண மூடிக்கிட்டு கோப்பின்னு சொன்னப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு."

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டைவிட்டு வந்து இவ்வளவு வருடமானதில், திறந்தால் இப்போது எனக்கும் லேசாகக் கராம்பு மணக்கிறது. நேற்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன்.

'ரோட்டோரம் காரணமில்லாமல் நிற்கிறார்.'