ஆண்பிள்ளை தின்ற பிரசவ லேகியம்

ஆண்பிள்ளை பிரசவ லேகியம் தின்றால் என்ன ஆகும்? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் வீட்டில் நல்லதே ஆயிற்று என்பதுதான் தொல்லை.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபிறகு நாங்கள் மறுபடி ஒரே பாயில் படுத்தோம். என் கணவரால் முடியவில்லை. "வெயில்ல நின்னது புள்ளெ" என்றார். அப்போது மார்கழி மாதம். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. பிரசவத்தின்போது இரண்டு நாள் வாசலில் நின்று என் அலறலைக் கேட்டவர் அவர்; அந்தப் பயமோ? அல்லது நான் முகத்தைச் சுளித்தேனோ?

பத்திரிகை விளம்பரம் பார்த்துப் பட்டணத்திலிருந்து தாது புஷ்டி லேகியம் தருவித்தார். வெட்கத்தில் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைச் சுரண்டிவிட்டு, மாமியாரிடம் இருமல் மருந்து என்று சொல்லி அடுக்களைப் பலகையில் வைத்தார். பக்கத்திலேயே என் பிரசவ லேகியம், அதே மாதிரித் தகர டப்பாவில். மாமியார் தினமும் எனக்கு ஓர் உருண்டை ஊட்டுவார். "முழுங்கு சாமி, இடுப்பு கெட்டியாகோணும்."

இருபது நாளில் கணவர் தேறிவிட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு, "பட்டணத்து மருந்துன்னா சும்மாவா!" என்றார்.

எனக்கு ஊட்டிய டப்பா காலியானதும் கழுவ எடுத்தேன். அடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: "ஆண்களுக்கு மாத்திரம்."

தாய்ப்பால் கொடுக்கிறவள் நான்! குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாமக்கல் லேடி டாக்டரிடம் ஓடினேன்.

"பாலில எறங்கியிருக்குமாங்க? பொம்பளப் புள்ளைங்க, மீசை கீசை..."

டாக்டரம்மா சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. குழந்தையைச் சோதித்து, ஒன்றுமில்லை என்றார். பிறகு என் கணவர் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீரிழிவு இருந்தாலும் இப்படி ஆகும்மா, மனசுல பயம் இருந்தாலும் ஆகும். உங்க வீட்டுக்காரருக்குப் பயம் போல. மருந்து வேலை செய்யுதுன்னு நம்பினார், பயம் போச்சு. மறுபடி வந்தா வெட்கப்படாம டாக்டர்கிட்ட வரச் சொல்லுங்க. அந்த லேகியத்தை மட்டும் யாரும் தொடாதீங்க. என்ன பஸ்பம் போட்டானோ!"

இப்போது கணவர் இரண்டாவது டப்பாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். தின்னவிட எனக்கு மனமில்லை. நீங்கள் தின்றது பிள்ளை பெற்றவள் மருந்து என்று சொன்னால் தைரியம் வருமா, வந்த தைரியமும் போய்விடுமா? சொல்லலாமா, தபால் வந்ததும் டப்பாவைக் கிணற்றில் போடலாமா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள். கடிதத்தை என் பேருக்கே போடுங்கள்.