லாகின் நின்ற காலை

தஞ்சாவூர் பைபாஸில் இருந்த கார் ஷோரூமில் நான் ஒர்க்‌ஷாப் மேனேஜராக இருந்தேன். அந்தக் காரைத் தயாரித்த கம்பெனியை மூடப்போகிறார்கள் என்பதை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். டீலரான எங்கள் முதலாளிக்கே யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய வருஷமே கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்தது. விற்பனை படுத்துவிட்டது. ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் அரசாங்கம் வரிச்சலுகையும் கடனும் கொடுத்துத் தூக்கிவிடப் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. ஷோரூமில் கேக் வெட்டினோம். சென்னையிலிருந்து ஏரியா மேனேஜரும் வந்திருந்தார்.

அன்றைக்குத்தான் கூத்தாநல்லூர் ஜபருல்லா பாய் வண்டி பார்க்க வந்தார். வெளிநாட்டில் கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸுக்கு வாராவாரம் தஞ்சாவூர் வரவேண்டும், பஸ் பயணம் அந்த அம்மாவுக்குத் தாங்கவில்லை. பாய்க்கும் முழங்கால் வலி என்பதால் ஆட்டோமேட்டிக் வண்டி கேட்டார். கம்பெனி நிலைக்குமா என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஏரியா மேனேஜர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார். “கவர்மென்டே பின்னால நிக்குது பாய். இனிமே எங்களை யாரும் அசைக்க முடியாது.”

பாய் என் பக்கம் திரும்பினார். வண்டி நல்ல வண்டி என்றேன். அது உண்மைதான்.

வாங்கிய உதவியைக் கம்பெனி என்ன செய்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆலையை மூடியபோது, ஸ்பேர் பார்ட்ஸும் சர்வீஸும் தொடரும் என்று அறிக்கை விட்டார்கள். பார்ட்ஸ் வருவது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. ஷோரூமில் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

பாயின் வண்டி நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றுபோனது. கேட் திறந்த பிறகும் கியர் விழவில்லை. உள்ளே அவர் மனைவி, பின்னால் வரிசையாக ஹார்ன் சத்தம். மனைவியை ஒரு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

கியர் கன்ட்ரோல் யூனிட் போயிருந்தது. புதிது எங்கும் இல்லை. அதே மாடல் வண்டி ஒன்று விபத்தில் நொறுங்கித் திருச்சியில் கிடந்தது. எங்கள் மெக்கானிக் மாரிமுத்து போய் அதிலிருந்து யூனிட்டைக் கழற்றி வந்தார். மறுநாள் காலை வண்டியை லிஃப்டில் தூக்கி நிறுத்தி மாட்டினோம். ஆனால் மாட்டினால் மட்டும் வண்டி ஓடாது. கம்பெனி ஸ்கேனரை இணைத்து, இந்த யூனிட் இந்த வண்டிக்குத்தான் என்று பதியவேண்டும். லாகின் போட்டேன். அனுமதி இல்லை என்று வந்தது. மறுபடியும் போட்டேன். அதேதான்.

ஏரியா மேனேஜரைப் போனில் பிடித்தேன். லைசென்ஸையெல்லாம் கட் பண்ணிவிட்டார்கள், நீங்களும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

“கஸ்டமர் வண்டி லிஃப்ட்ல நிக்குது சார்.”

“நான் இப்ப அந்தக் கம்பெனியிலேயே இல்லீங்களே.”

வேறொரு கார் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது அவருக்கு.

தெரிந்த எலெக்ட்ரீஷியன்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தேன். யாராலும் முடியவில்லை. அதற்கிடையில் கம்பெனி அனுப்பியதாக இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். வண்டியைப் பார்க்க அல்ல, பெயர்ப்பலகையைக் கழற்றிப்போக. அந்தப் பெயர் இனி வெளியே தெரியக்கூடாதாம்.

காலையிலேயே வந்துவிட்ட பாய் கத்துவார் என்று நினைத்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தோள்ல கைபோட்ட அந்தாளை நான் நம்பலை தம்பி. வேலை பாக்குறவங்க நீங்க இருக்கீங்கன்னுதான் எடுத்தேன்.”

ஸ்கேனர் ஒயரைக் கழற்றிச் சுருட்டினேன்.

என்ஜினில் ஒரு குறையும் இல்லாத அந்த வண்டி காயலான் கடைக்குப் போனது. அந்த அம்மா இன்றும் வாடகைக் காரில்தான் டயாலிசிஸுக்கு வந்துபோகிறார். நான் கும்பகோணத்தில் எல்லாக் கம்பெனி வண்டிகளும் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு கம்பெனியை அரசாங்கம் காப்பாற்றிவிட்டது என்று செய்தி வந்தால், காப்பாற்றியது யாரை என்று விசாரியுங்கள். வண்டி வாங்கியவரும் அதன் அடியில் படுத்து வேலை பார்ப்பவரும் அதில் இருக்கமாட்டார்கள். எந்தக் கம்பெனி நிலைக்கும் என்று கஸ்டமர் கேட்டால் எனக்குத் தெரியாது என்றே சொல்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும்.