லூர்தம்மா ஊதச் சொன்ன கணப்பு

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதற்கு அடுத்த வருஷம். இந்தி வேண்டாமென்று பிள்ளைகள் ஊர் ஊராக ஊர்வலம் போனதும் அப்போதுதான். லூர்தம்மா இறந்துவிட்டார் என்று போனில் வந்த செய்தியை என் பேத்தி படித்துச் சொன்னதும், அந்த வருஷத்து அம்மாதான் சிரித்தபடி என் முன்னால் வந்து நின்றார்.

கோடைக்கானலில் ஒரு வாடகை பங்களாவில் அவருடைய ஆராய்ச்சி நடந்தது. வெயில் பட்டால் மின்சாரம் தரும் சில்லுகளைச் சோதிப்பார். பாட்டரி தூக்குவதும் அறையை இருட்டாக்குவதும் என் சோலி. சில்லைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து, முன்னும் பின்னும் மாறி ஓடுகிற மின்சாரத்தை அதற்குள் விடுவார். காதில் மாட்டிக்கொள்ளும் காதுக்கருவியில் அது விசிலாகக் கேட்கும். திருகுகளைத் திருப்பி அந்த விசில் அடங்கும் இடத்தைப் பிடித்தால், சில்லு மின்சாரத்தை எவ்வளவு மறிக்கிறது என்று தெரிந்துவிடும்.

"எவ்வளவு குடுக்குதுன்னு யாரு வேணாலும் அளந்துருவாங்க செல்லையா. எங்க மறிக்குதுன்னு கண்டாத்தான் நல்ல சில்லு செய்யலாம்" என்பார்.

குளிர் நாட்களில் மட்டும் அளவு நிலையாக நிற்கவில்லை. மலை ஈரத்தில் இந்த வேலை ஆகாதென்று, கருவிகளை மதராசுக்கு எடுத்துப்போக ஓர் அதிகாரி வந்தார். கருவி போனால் அம்மாவின் ஆராய்ச்சியும் போச்சு.

வந்தவருக்குப் பல் தந்தியடித்தது. சமையல்கார ஆரோக்கியம் வழக்கம்போல, குளிர்காயக் கரிநெருப்புப் போட்ட கணப்புச் சட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். அம்மா விசிலை அடக்கினார். அதிகாரி குனிந்து கரியை ஊதினார். "விசில் திரும்ப வந்துருச்சே" என்ற அம்மாவின் பார்வை சட்டியில் விழுந்தது.

"சார், இன்னொரு தடவ ஊதுங்க."

"என்னம்மா, நான் அடுப்பூதவா வந்தேன்?"

"சும்மா ஊதுங்க சார், நாங்க தெனம் ஊதுறதுதானே" என்றாள் ஆரோக்கியம்.

ஊதினார். கரி சிவந்தது, விசில் எழுந்தது. கரி மங்க, விசிலும் தணிந்தது. பெட்டியில் கம்பி நுழையும் ஓட்டை வழியாக நெருப்பு வெளிச்சம் உள்ளே போய்ச் சில்லைத் தொட்டிருக்கிறது. குளிர் நாளில் கணப்பில்லாமல் அந்த அறையில் யார் உட்கார்ந்தோம்?

"சில்லு மேல குத்தமே இல்ல சார். கரி வெளிச்சத்தக்கூட விடாமக் கண்டுபிடிக்குது!" அம்மா கைதட்டிவிட்டார்.

கணப்பு வெளியே போனது. ஓட்டையை அடைத்து அளந்தார். வெயில் நாளில் வந்த அதே அளவு. அதிகாரி நடுங்கிக்கொண்டே தானும் அளந்து பார்த்தார், மாறவில்லை.

"கருவி இங்கேயே இருக்கட்டும். எனக்கு மட்டும் ஒரு கம்பளி குடுங்க."

அம்மா காதுக்கருவியை ஆரோக்கியத்துக்கு மாட்டினார், பிறகு எனக்கு. "ஒண்ணுமே கேக்கலைல்ல? நாம ஜெயிச்சது அதுதான்."

அம்மாவை அறிந்தவர்களே, எனக்கு அவர் விட்டுப்போனது அந்த நிசப்தம். அதிகாரி போய்விட்டார். ஆரோக்கியம் போய்விட்டாள். இப்போது அம்மா. அதைக் கேட்ட காதுகளில் இன்னும் உயிரோடிருப்பவை கவுஞ்சி ஊர்ச் செல்லையாவான என்னுடையவை மட்டும்தான்.